விளையாட்டும் ஊதியமும்: ஓர் அறவியல் நோக்கு

மனிதன் இயற்றும் செயல்களுட் பெரும்பாலானவை வேறொன்றின் பொருட்டுச் செய்யப்படுவன. உழுதல் உணவின் பொருட்டு; வணிகம் இலாபத்தின் பொருட்டு; கற்றல் அறிவின் பொருட்டும், சில வேளைகளிற் பதவியின் பொருட்டும். விளையாட்டு ஒன்றே தன் பொருட்டுத் தானே செய்யப்படுவது என்பது பன்னெடுங்காலமாக நிலவிவரும் கருத்தாகும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன்களை வகுத்தபோது செல்வத்தை ஒன்றாகவும் விளையாட்டை வேறொன்றாகவும் எண்ணினார். இரண்டும் மகிழ்ச்சி தருவன. ஆயினும் ஒன்றனை மற்றொன்றனுள் அவர் அடக்கவில்லை. இறைவனின் ஐந்தொழில்களைத் திருவிளையாட்டெனச் சைவ நூல்கள் கூறுவதும் இக்கருத்தை ஒட்டியதே எனலாம். தனக்கென யாதொரு பயனும் வேண்டாது, உயிர்களின் நன்மை ஒன்றே கருதி இயற்றப்படும் செயலுக்கு மனித வாழ்விலிருந்து எடுக்கத்தக்க உவமை விளையாட்டேயன்றி வேறில்லை என்பதை அந்நூலோர் உணர்ந்திருந்தனர் போலும்.

இருபதாம் நூற்றாண்டிலே இக்கருத்து ஒரு சோதனைக்கு உள்ளாயிற்று. விளையாட்டு ஒரு தொழிலாயிற்று. ஆடுபவன் ஊதியம் பெற்றான். பார்ப்பவன் கட்டணம் செலுத்தினான். இவ்விருவர்க்கும் இடையே முதலீட்டாளன் ஒருவன் தோன்றினான். இந்நிலையில் எழும் வினா எளிதன்று. ஊதியம் பெற்று ஆடுபவன் விளையாடுகின்றானா, வேலை செய்கின்றானா? வேலையே செய்கின்றான் எனின் அவ்வாட்டத்திற் பிறர் காணும் உவகை பொய்யா? இவ்வினாவுக்குள் மற்றொரு வினாவும் மறைந்துள்ளது. ஓர் அணி யாருக்கு உரியது?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர் ஒன்றை எடுத்துக்கொண்டால் முதல் வினா வேண்டாத ஒன்றாகத் தோன்றக்கூடும். கோப்பாயின் செம்மண் தோட்டங்களில் வேலை முடிந்த மாலைப்பொழுதிலே இளைஞர்கள் கரப்பந்தாட்டத்திற்குக் கூடுகின்றனர். நாட்டின் தேசிய விளையாட்டாகக் கரப்பந்தாட்டம் 1991-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அவ்வறிவிப்புக்கு நெடுங்காலம் முன்னரே அது குடாநாட்டு ஊர்களில் வேரூன்றிவிட்டது. உலக விதிகளின்படி ஆடும் ஆட்டத்தோடு ‘ஓவர்’ எனப்படும் தமக்கேயுரிய ஆட்டமுறையையும் இங்குள்ளோர் வளர்த்துள்ளனர். பந்தும் வலையும் ஊரவரின் நன்கொடையால் வருகின்றன. அண்மைக்காலங்களில் வெளிநாடுகளில் வாழும் உறவினரின் பணமும் வந்து சேர்கிறது. அயலூரோடு ஆடி வென்றால் வெற்றிக்கிண்ணம் சனசமூக நிலையத்தின் அலுமாரியில் ஏறும். இங்கே அணி யாருக்கு உரியது என எவரும் கேட்பதில்லை. அது ஊருக்கு உரியது. கேட்கப்படாத வினாவுக்கு விடை தெளிவாக இருப்பதுபோலத் தோன்றுவது இயல்பே. விடை உண்மையில் அத்துணைத் தெளிவானதா என்பது பின்னர் நோக்கப்படும்.

இவ்வினாக்களை ஆராய்வதற்கு உதைபந்தாட்டத்தையும் துடுப்பாட்டத்தையும் விட ‘ஹான்ட்போல்’ எனப்படும் எறிபந்தாட்டம் ஏற்ற சான்றாக அமைகின்றது. முன்னைய இரண்டிலும் பணம் மிகப் பெரிதாகப் பெருகிவிட்டமையால் தொடக்கநிலை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எறிபந்தாட்டத்திற் பணம் பிந்தியே வந்தது. சிறுகச் சிறுகவே வந்தது. எனவே மாற்றத்தின் ஒவ்வொரு படியையும் அதிலே தெளிவாகக் காணமுடிகின்றது.

இவ்வாட்டத்தைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவராகக் கருதப்படுபவர் ஒரு பள்ளி ஆசிரியர். டென்மார்க்கிலே கொப்பன்ஹேகன் நகரை அடுத்த ஓர்ட்றுப் என்னும் ஊரிற் கற்பித்த ஹோல்கர் நீல்சன் 1898-இல் இதனைத் தம் மாணவரிடையே தொடக்கி, 1906-இல் விதிகளை நூலாக வெளியிட்டார். பள்ளி முற்றத்தில் உதைபந்தாடியமையால் யன்னற் கண்ணாடிகள் உடைந்தன என்றும், அதன் பின்னரே கையால் எறிந்தாடும் முறை பிறந்தது என்றும் கூறுவர். பேர்ளினில் மாக்ஸ் ஹைசர் 1917-இற் பெண்களுக்கென ஓர் ஆட்டத்தை வகுத்தார். 1919-இற் கார்ல் ஷெலென்ஸ் அதனை ஆண்களுக்கும் ஏற்ப மாற்றியமைத்தார். 1936-ஆம் ஆண்டு பேர்ளின் ஒலிம்பிக்கில் அணிக்குப் பதினொருவராகத் திறந்த வெளியில் ஆடப்பட்ட இவ்வாட்டம், 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் அணிக்கு எழுவராக உள்ளரங்கில் ஆடப்பட்டது. நாற்பது மீற்றர் நீளமும் இருபது மீற்றர் அகலமும் கொண்ட தளம், இரு புறமும் கோல்கள், முப்பது நிமிடங்களாக இரு பகுதிகள். இவையே இன்றைய அதன் உருவம். ஆசிரியரின் முற்றத்திற் பிறந்த ஆட்டம் ஒன்று என்பது கருதத்தக்கது. அதன் தோற்றத்திற் பணம் இல்லை. பிள்ளைகளின் மகிழ்ச்சியும் யன்னற் கண்ணாடியின் நலமுமே இருந்தன.

மேற்கு யேர்மனியில் ஆண்களுக்கான தேசிய முதற்பிரிவுத் தொடர் 1966-இல் வடக்கு, தெற்கு என இரு குழுக்களாகத் தொடங்கியது. ‘புண்டெஸ்லீகா’ எனப்படும் அத்தொடரின் முதல் வெற்றியாளர் கும்மர்ஸ்பாக் நகர அணியினர். 1977-இல் இரு குழுக்களும் ஒரே பிரிவாயின. அக்காலத்து வீரருட் பலர் கல்வியோ தொழிலோ பயின்றுகொண்டே ஆடியவர்கள். காலப்போக்கில் ஊதியம் உயர்ந்தது, பிற நாட்டு வீரர் வந்தனர், தொலைக்காட்சி வந்தது. 2011-12 பருவத்திலே கீல் நகர அணி தான் ஆடிய முப்பத்து நான்கு ஆட்டங்களையும் ஒன்றுவிடாது வென்றது. பொழுதுபோக்காக ஆடுவோரால் அத்தகைய செம்மையை எய்துதல் அரிது என்பதை எவரும் மறுக்கமுடியாது.

ஊதியம் விளையாட்டைக் கெடுத்துவிடும் என்ற கருத்துக்கு வலுவான ஆதரவாளர் உளர். ஒல்லாந்து நாட்டு வரலாற்றறிஞர் யோகான் ஹொய்சிங்கா 1938-இல் வெளியிட்ட தம் நூலில், விளையாட்டு தன் விருப்பாற் செய்யப்படுவது, பொருட்பயன் சாராதது, அன்றாட வாழ்வுக்குப் புறம்பான தனிவெளியில் நிகழ்வது என வரையறுத்தார். பிரெஞ்சு அறிஞர் றொஜே கயுவா 1958-இல் அக்கருத்தை மேலும் வளர்த்து, தொழின்முறை ஆட்டக்காரன் விளையாடுபவன் அல்லன், அவன் ஓர் உழைப்பாளி என்றார். அவன் உண்மையில் விளையாட விரும்பும்போது வேறோர் ஆட்டத்தையே நாடுவான் என்பது அவர் முடிபு.

இம்முடிபு கவர்ச்சியுடையது. ஆயினும் அதன் பின்னே ஓர் அநீதி ஒளிந்திருப்பதை வரலாறு காட்டுகின்றது. ஊதியம் பெறாது ஆடுதலே தூயது என்ற கொள்கையை வகுத்தவர்கள் ஊதியம் வேண்டாதவர்களே. 1912-ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்திறப் போட்டியிலும் பத்திறப் போட்டியிலும் வென்ற அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தோர்ப், அதற்கு முன் பேஸ்போல் ஆடிச் சிறு தொகை பெற்றிருந்தார் என்ற காரணத்தால் 1913-இல் தம் பதக்கங்களை இழந்தார். அவர் 1953-இல் மறைந்தார். பதக்க உரிமை மீளளிக்கப்பட்டதோ 1982-இல். செல்வந்தன் மகனுக்குப் பயிற்சிக்குக் காலமும் உணவும் தந்தையிடமிருந்து வருகின்றன. அதனை எவரும் ஊதியம் என அழைப்பதில்லை. ஏழையின் மகனுக்கு அவை எங்கிருந்தாவது வரவேண்டும். வந்தவுடன் அவன் தூய்மை இழந்தான் என்பது அறத்தின் பெயரால் நிகழ்த்தப்பட்ட கொடுமையன்றி வேறன்று.

உடலைப் பற்றிய வினாவும் இதனோடு பிணைந்துள்ளது. 1978-இற் கொப்பன்ஹேகனிற் சோவியத் அணியை 20-19 என வென்று உலகக் கிண்ணத்தை ஏந்திய மேற்கு யேர்மனிய அணியிலே யோவாகிம் டெக்கார்ம் ஒளிமிக்க வீரர். கும்மர்ஸ்பாக் அணிக்காக ஆடிய அவர், 1979 மார்ச் 30-ஆம் நாள் ஹங்கேரியின் தத்தாபான்யா நகரில் நடைபெற்ற ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் எதிரணி வீரர் ஒருவரோடு மோதி விழுந்தார். தளத்தின் மெல்லிய விரிப்பின் கீழ் இருந்தது கொங்கிறீற்று. தலை மோதிய அவர் 131 நாட்கள் நினைவிழந்து கிடந்தார். கண்விழித்தபோது பேசவும் நடக்கவும் மீண்டும் கற்கவேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அவர் பெயரால் யேர்மன் விளையாட்டு உதவி அமைப்பு ஒரு நிதியத்தை ஏற்படுத்தியது. இளமையில் அவரைப் பயிற்றிய வேர்னர் ஹூர்ற்றர் என்பார் 1982 முதல் ஆண்டுக்கணக்காக அவரோடு உழைத்து அவர் உடலையும் மொழியையும் மீட்க முயன்றார்.

இந்நிகழ்ச்சியினின்று இரு உண்மைகள் பெறப்படுகின்றன. ஆடுபவன் தன் உடலைப் பணயமாக வைக்கின்றான். ஆகவே பார்த்து மகிழ்ந்தவர் அவனுக்குக் கடன்பட்டவர். அக்கடனை அன்பளிப்பாகக் கருதாது உரிமையாக அளிப்பதற்கு ஊதியமும் காப்புறுதியும் வழிசெய்கின்றன. இது முதலாவது உண்மை. மற்றையது, ஒப்பந்தம் எழுதாத கடன்களும் உள என்பது. ஒரு பழைய பயிற்றுநரை ஆண்டுக்கணக்காக அந்த இளைஞரின் அருகில் இருத்திய ஆற்றலை எந்த ஊதியப் பட்டியலிலும் காணமுடியாது. அது பிணைப்பு. இம்மானுவேல் காண்ட் 1785-இல் எழுதிய அறவியல் நூலிற் பொருள்களை இருவகைப்படுத்தினார்: விலையுடையன, மாண்புடையன. விலையுடையதற்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம்; மாண்புடையதற்கு ஈடு இல்லை. வீரனின் நேரத்திற்கும் திறனுக்கும் விலை உண்டு. அதனைக் கொடாது விடுதல் தவறு. அவனுக்கும் அவனைத் தம்மவன் எனக் கொண்டோருக்கும் இடையேயுள்ள பிணைப்புக்கு விலை இல்லை. அதனை விற்க முற்படுதல் மற்றொரு தவறு.

எனவே முதல் வினாவுக்கு ஒருவாறு விடை கூறலாம். ஊதியம் ஆட்டத்தைக் கெடுப்பதில்லை. நாதசுரக் கலைஞர் சன்மானம் பெறுவதால் அவர் இசை பொய்த்துவிடுவதில்லை. ஆசிரியர் சம்பளம் பெறுவதால் அவர் கற்பித்தல் வாணிகமாகிவிடுவதில்லை. எத்தொழிலும் தன் பொருட்டே செய்யப்படும் பகுதியொன்றைத் தன்னுள் வைத்திருக்கக்கூடும். கேடு நேர்வது, ஆட்டத்திற்கும் அதனைத் தாங்கி நிற்கும் மக்களுக்கும் இடையேயுள்ள பிணைப்பு அறும்போதே. இங்கேதான் இரண்டாம் வினா தலையெடுக்கின்றது.

மைன் ஆற்றங்கரையிலே குறோஸ்வால்ஸ்ராட் என ஓர் ஊர் உண்டு. மக்கள் தொகை ஏறத்தாழ நாலாயிரம். 1888-இல் உடற்பயிற்சிக் கழகமாகத் தோன்றிய அவ்வூர்க் கழகம், ஒரே பிரிவாக இணைந்த யேர்மன் தொடரின் முதற் பருவத்திலே, 1978-இல், வெற்றிவாகை சூடியது. 1981 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றது. 1979-இலும் 1980-இலும் ஐரோப்பாவின் வெற்றிக்கழகமும் அதுவே. தலைநகரங்களின் கழகங்களை ஒரு கிராமம் வென்றது. ஆனால் ஆட்டம் பெருக, ஊர் அரங்கு போதாதாயிற்று. அணி அயலிலுள்ள அஷாபென்பேர்க் நகரின் பேரரங்குக்குச் சென்றது. 2013-இல் முதற்பிரிவிலிருந்தும் வீழ்ந்தது. பணம் வேண்டிப் பெருநகரை நோக்கி நகர்தல் சிறிய ஊர்களின் அணிகளுக்கு நேரும் பொதுவிதி.

கும்மர்ஸ்பாக் கழகத்தின் வரலாறு இதனினும் ஆழமான படிப்பினையைத் தருவது. ஏறத்தாழ ஐம்பதினாயிரம் மக்கள் வாழும் அந்நகரின் அணி ஐரோப்பிய வெற்றிக்கழகக் கிண்ணத்தை ஐந்து முறை வென்றது. பின்னர் அதுவும் கொலோன் நகரின் பேரரங்கில் ஆடச் சென்றது. 2013-இற் சொந்த நகரிலே புதிய அரங்கு எழ, அங்கே மீண்டது. தொடர் தொடங்கிய நாள் முதல் முதற்பிரிவை விட்டு நீங்காதிருந்த அவ்வணி 2019-இல் முதன்முறையாகத் தாழ்ந்த பிரிவுக்கு இறங்கியது. அப்போது அது மறைந்துவிடவில்லை. மூன்று பருவங்கள் கீழ்ப்பிரிவில் ஆடி 2022-இல் மீண்டும் மேலேறியது. அணி யாருக்கு உரியது என்பதற்கு இங்கே ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. வெற்றியின்போது அணியைத் தமதென்போர் பலர். தோற்றுக் கீழிறங்கிய பின்னும் தமதென்று நிற்பவர் எவரோ, அவர்க்கே அணி உரியது.

இந்த அளவுகோலைக் கொண்டு ஆசியாவின் அண்மைக்கால முயற்சிகளை நோக்குதல் பொருந்தும். எறிபந்தாட்டம் ஆசிய விளையாட்டு விழாவில் முதன்முதல் இடம்பெற்றது 1982-இல், புதுடில்லியிலே. அதன்பின் நாற்பது ஆண்டுகள் கழிந்தே இந்தியாவில் ஆண்களுக்கான தொழின்முறைத் தொடர் உருவாயிற்று. 2020-இற் திட்டமிடப்பட்டுப் பிற்போடப்பட்ட ‘பிறீமியர் ஹான்ட்போல் லீக்’ 2023 ஜூன் 8 முதல் 25 வரை நடைபெற்றது. மகாராஷ்டிரம், உத்தரப்பிரதேசம், ராஜஸ்தான், குஜராத், டில்லி, தெலுங்குநாடு ஆகியவற்றின் பெயர்தாங்கிய ஆறு அணிகள் ஆடின. இறுதியில் மகாராஷ்டிர அணி உத்தரப்பிரதேச அணியை வென்றது. இவ்வளவு ஆட்டங்களும் ஜெய்ப்பூரிலே ஒரே உள்ளரங்கில் நிகழ்ந்தன. பெயர் மகாராஷ்டிரத்தினுடையது; ஆட்டம் கண்டது ராஜஸ்தான்.

இது தொலைவிலுள்ளோரின் செய்தி எனக் கருதவேண்டியதில்லை. 2020-இல் இலங்கையிலே தொடங்கிய லங்கா பிறீமியர் லீக் துடுப்பாட்டத் தொடரில் யாழ்ப்பாணத்தின் பெயர்தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் வெற்றிபெற்றது. முதலாண்டில் அதன் பெயர் ‘ஜப்னா ஸ்ராலியன்ஸ்’. உரிமையாளர் மாற, மறுபருவத்தில் அது ‘ஜப்னா கிங்ஸ்’ ஆயிற்று. 2020 முதல் 2024 வரை நடந்த ஐந்து பருவங்களிலும் யாழ்ப்பாண மண்ணில் ஓர் ஆட்டமேனும் நடைபெறவில்லை. ஆயினும் அவ்வணியால் நன்மை விளையவில்லை என்றல் நடுநிலையன்று. யாழ் மத்திய கல்லூரி மாணவராயிருந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் அவ்வணியின் வாயிலாகவே பேரரங்கிற் காலடி வைத்தார். 2024-இல் இந்தியத் தொடரிலும் ஆடினார். ஒரு வாயில் திறந்தது உண்மை. அவ்வாயில் ஒருவருக்கன்றி ஓர் ஊருக்குத் திறக்க வேண்டுமாயின், பெயரைப் பெற்றுக்கொண்டவர் அப்பெயருக்குரிய மண்ணுக்கு யாது செய்தார் என்ற வினாவைத் தவிர்க்க முடியாது. ஊரின் பெயர் ஒருவரின் முதலன்று. அது தலைமுறைகள் சேர்ந்து ஈட்டிய சொத்து. 1560-இற் போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கியபோது அரசன் பின்வாங்கிய இடம் என்று வரலாற்றில் இடம்பெற்ற கோப்பாயின் பெயரை, நாளை எவரேனும் ஓர் அணிக்குச் சூட்டி விற்பாராயின், விலை யாரிடம் சேரும்?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அது வலிமையுள்ள மறுப்பு. ஊரின் பிணைப்பு எனப் போற்றப்படுவது எக்காலத்தும் தூயதாக இருந்ததா? குடாநாட்டின் வரலாற்றை அறிந்தவர் இதற்கு ஆம் எனத் துணிந்து கூறார். கோயிலிலும் கிணற்றிலும் பள்ளியிலும் சாதி வரைந்த எல்லைக் கோடுகள் விளையாட்டு முற்றத்தையும் விட்டுவைக்கவில்லை. கிளித்தட்டுக்கு நிலத்திற் கீறிய கோட்டைத் தாண்டிவிடலாம். அந்தக் கோட்டைத் தாண்டுதல் எளிதாயிருக்கவில்லை. அணி ஊருக்கு உரியது என்ற விடையில் ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்கினர் என்பது கேட்கப்படாமலே விடப்பட்டது. ஊர்ப்பற்று அயலூர்ப் பகையாக மாறிக் கிண்ணத்துக்கான ஆட்டம் கைகலப்பில் முடிந்ததும் உண்டு. இதனோடு ஒப்பிடுமிடத்து, திறன் ஒன்றையே நோக்கி ஊதியம் அளிக்கும் தொழின்முறை அணி ஒருவகையில் நேர்மையானது. அது ஆடுபவனின் குலத்தை வினவுவதில்லை. அவன் எறியும் பந்து கோலினுட் செல்கின்றதா என்பதையே வினவுகின்றது.

இம்மறுப்பை ஏற்றுக்கொள்ளலே முறை. ஏற்றுக்கொண்டால் முடிபு மாறுவதில்லை, செம்மையாகின்றது. பிணைப்பு நல்லதாவது அது பழையது என்பதாலன்று, அனைவர்க்கும் திறந்தது என்பதால். ஊதியம் தீயதாவது அது பணம் என்பதாலன்று, கடமையைத் துண்டித்துக்கொண்டு வரும்போது. பணம் ஊரிடமிருந்து கற்கவேண்டியது நிலைத்துநிற்றல்; ஊர் பணத்திடமிருந்து கற்கவேண்டியது குலம் வினவாமை. தோல்வியிலும் விட்டுச்செல்லாத முதலீடும், எவரையும் வெளியே நிறுத்தாத ஊரும் ஒன்றுசேரும் இடத்திலேயே தொழின்முறை விளையாட்டு அறத்தோடு பொருந்தும்.

இவ்வாறு நோக்கின் மூன்று கடமைகள் தெளிவாகின்றன. ஆடுபவனுக்கு உரிய ஊதியமும், அவன் உடல் முறிந்தால் காப்பும் அளித்தல் முதலாவது. தாங்கும் பெயருக்குரிய மண்ணில் ஆடுதலும், அம்மண்ணின் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் தளமும் அமைத்தலும் இரண்டாவது. வெற்றிக்காக ஆட்டத்தின் விதியை விற்காதிருத்தல் மூன்றாவது. இவற்றுள் முதலாவதை மட்டும் செய்பவன் முதலாளி. மூன்றையும் செய்பவனையே கழகம் என அழைத்தல் தகும்.

எறிபந்தாட்டம் ஓர் ஆசிரியரின் முற்றத்திற் பிறந்தது என மேலே கூறப்பட்டது. கோப்பாயிலே ஆசிரிய கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் உள்ளன. அவற்றிலிருந்து ஆண்டுதோறும் வெளியேறும் இளம் ஆசிரியர்கள் வன்னியிலும் மலையகத்திலும் கிழக்கிலும் ஏதோவொரு பள்ளியின் வெறுமையான முற்றத்திலே பிள்ளைகளோடு நிற்கப் போகின்றவர்கள். அப்பிள்ளைகளுள் ஒருவன் ஒருநாள் ஊதியம் பெற்று ஆடுபவனாக வரலாம், ஏனையோர் வாராதிருக்கலாம். வந்தவனுக்குக் கிடைக்கும் தொகையைக் கொண்டு அந்த முற்றத்தின் மதிப்பை அளத்தல் இயலாது. முற்றத்தின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்து, அவன் கையிற் பந்தைக் கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் அங்கே இருக்கின்றாரா என்பதே அளவு. தொல்காப்பியர் செல்வத்தினின்று வேறாக எண்ணிய அந்த உவகை தொடங்கும் இடமும் அதுவே.